ஏற்றத்தில் தண்ணி கேட்கும் வண்டி

ரேடியேட்டரக்காவுக்கு ஓடுகிற வண்டியில் தூக்கம் வராது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் இரண்டாவது நிறுத்தத்துக்குள் தலையைத் தொங்கப் போட்டுவிடுவார்கள். இவள் மட்டும் கொட்டக் கொட்ட விழித்தபடி உட்கார்ந்திருப்பாள். கேட்டால், இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருவது தொழில் புத்தி என்பாள். அது பாதி உண்மை. மீதி உண்மை அவளுடைய இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் தழும்பில் இருந்தது. அதைப் பற்றி யாராவது விசாரித்தால், கடையில் தகரம் கிழித்துவிட்டது என்று சொல்லிவிடுவாள்.

அவளுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டிலும் கணவருடைய வாயிலும் மட்டும் புழங்கியது. ஓட்டைப் பானை, ஒழுகும் கெட்டில் என்று ஈயம் வைத்து அடைத்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் யாரோ ஒரு லாரிக்காரர் வேறு வழியில்லாமல் கொண்டுவந்து போட்ட ரேடியேட்டரையும் அடைத்துக் கொடுத்தாள். ஓட்டை எங்கிருந்தாலும் ஓட்டைதானே என்பது அவள் கணக்கு. அன்றிலிருந்து பானைகள் வருவது நின்று ரேடியேட்டர்கள் வர ஆரம்பித்தன. பெரிய சாலையிலிருந்து திரும்பும் சந்தில் தகரக் கூரை போட்ட அந்தக் கடைக்கு முன்னால் ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. ரேடியேட்டரைத் தண்ணீரில் முக்கிக் காற்றடித்தால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு தொட்டி இருந்தால் தேவலை என்று அவள் அடிக்கடி சொல்வாள். அன்று சாயங்காலம் மேனேஜர் வந்து நின்றபோது அந்தத் தொட்டி நிஜமாகவே தேவைப்பட்டது.

மேனேஜர் என்பவர், சிறுநீரக நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் ஒரு தொண்டு நிலையத்தை நடத்துபவர். ஆஸ்பத்திரி குன்றின்மேல் இருந்தது, நோயாளிகளின் வீடுகள் எல்லாம் கீழே இருந்தன. நடுவில் நெட்டுக்குத்தாக ஓர் ஏற்றம். அதில் ஏறி இறங்க நிலையத்திடம் இருந்தது ஒரே ஒரு பழைய டீசல் வேன். அதை ஓட்டியவன் ரேடியேட்டரக்காவின் தம்பி.

தம்பி குடியை விட்டு வருஷம் ரெண்டாகிறது. விட்டதை நம்பி வேலை கொடுக்க யாரும் முன்வராதபோது, அக்கா மேனேஜர் முன்னால் போய் நின்று, இவன் தொட்டால் நான் கடையை மூடிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கிய வேலை அது. வேலை கிடைத்த பிறகுதான் அம்மா வீட்டுக்குப் போயிருந்த தம்பி மனைவி, பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அதனால் அந்த வேலை போனால் சம்பளம் மட்டும் போகாது. வீடே போய்விடும். இது அக்காவுக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும்.

மேனேஜர் நாற்காலியில் உட்காரவில்லை. குரலை உயர்த்திப் பேசுகிற ஆளும் இல்லை. வேன் கொஞ்ச நாளாகத் தினமும் தாமதமாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிறது என்றார். ஏற்றத்தின் நடுவில், பழைய தண்ணீர்த் தொட்டியின் சுவருக்குப் பக்கத்தில் வண்டி நிற்கிறதாம். தம்பி சீட்டுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு இறங்கி, பானெட்டைத் தூக்கிவைத்து அதன் மறைவில் நிற்கிறானாம். திரும்பி வரும்போது முகம் கழுவியிருக்கிறதாம், கண் சிவந்திருக்கிறதாம், வண்டிக்குள் தித்திப்பாக ஒரு வாடை அடிக்கிறதாம். இதெல்லாம் நோயாளிகள் சொன்னது. டீச்சர் சொன்னது இன்னும் மோசம். டீச்சர் என்றால் ரிடையர் ஆன தமிழ் டீச்சர், டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து வருபவர். காது கொஞ்சம் மந்தம், ஆனால் கேட்டதை மறக்காதவர்.

“ரெண்டு பாட்டில் எப்பவும் சீட்டுக்கு அடியில இருக்கும், தண்ணி உள்ள போகாம இந்த ஏத்தத்த ஏறவே முடியாதுன்னு அவனே போன்ல யார்கிட்டயோ சொல்லியிருக்கான். டீச்சர் காதால கேட்டிருக்காங்க,” என்றார் மேனேஜர்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வண்டி சூடாகிறது என்று தம்பி அவளிடமே எத்தனை தடவை புலம்பியிருக்கிறான். ரேடியேட்டருக்கு ஊற்றுகிற தண்ணியைச் சொல்லியிருப்பான், வேறென்ன. வாய் அதைத்தான் சொன்னது. ஆனால் மேனேஜர் விடவில்லை. ரேடியேட்டரைக் கழற்றிச் சரிசெய்து மாட்டியது நீங்கள்தானே என்றார். பம்பு வைத்து அடித்துப் பார்த்து, இனி ஒரு சொட்டு ஒழுகாது என்று சொன்னதும் நீங்கள்தானே. அதற்கப்புறம் ஒர்க்‌ஷாப்பில் வாட்டர் பம்பை மாற்றினார்கள், தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள், பெல்ட்டை மாற்றினார்கள். அவர்களும் எங்கேயும் ஒழுகவில்லை என்றுதான் சொன்னார்கள்.

“ஒழுகாத வண்டிக்கு எதுக்குக்கா தினமும் ரெண்டு பாட்டில்?”

 கேள்வியில் ஒரு பிசிறும் இல்லை. ஒன்று அவள் செய்த வேலை பொய்யாக இருக்க வேண்டும், அல்லது தம்பி பொய் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அவள் செய்த வேலை பொய்யில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அப்படியானால் மிச்சம் இருந்தது தம்பிதான்.

ஒரே ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டாள். நாளைக் காலை டிரிப்பில் நானே கூடப் போய்ப் பார்க்கிறேன் என்றாள். மேனேஜர் யோசித்தார். நாளை மதியத்துக்குள் தெரிந்தாக வேண்டும், நோயாளிகளை வைத்துக்கொண்டு விளையாட முடியாது, வேறு டிரைவரைச் சொல்லிவைத்தாயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பியிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று இருவருமே பேசிக்கொள்ளாமல் முடிவு செய்திருந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் தம்பி வேனைக் கடைக்குக் கொண்டுவந்தான். அக்கா கூட வருகிறாள் என்றதும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தச் சனியன் ஏற்றத்தில் என்ன கூத்து அடிக்கிறது என்று நீ கண்ணால் பார்த்தால்தான் புரியும், நான் வாயால் சொன்னால் யார் நம்புகிறார்கள் என்று பொரிந்து தள்ளினான். கடைசி வார்த்தை அக்காவுக்குச் சுருக்கென்றது. பானெட்டைத் தூக்குகிற சாக்கில் அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சோப்பு வாசனையும் டீ வாசனையும்தான் வந்தன. காலையில் யாரிடமும் அதுதானே வரும் என்று உடனே தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பம்பை எடுத்தாள். அது கைப்பம்புதான், தலையில் ஒரு கடிகாரம் மாதிரி மீட்டர். ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு அந்த வாயில் பம்பைப் பொருத்திக் காற்றை ஏற்ற வேண்டும். எங்காவது கசிந்தால் மீட்டரின் ஊசி இறங்கும். கழற்றிய மூடியை வழக்கம்போல மட்கார்டின்மேல் வைத்துவிட்டுக் காற்றை ஏற்றினாள். ஊசி ஏறி நின்றது. ஒரு டீ குடித்து முடிக்கும்வரை பார்த்தாள். இம்மி அசையவில்லை. வேறு நாளாக இருந்தால் நெஞ்சு நிமிர்ந்திருக்கும். இன்று அந்த ஊசி கொஞ்சம் இறங்கித் தொலைக்கக் கூடாதா என்று இருந்தது. தன் வேலையில் ஓட்டை இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது பிழைப்பிலேயே அதுதான் முதல் தடவை. பம்பைக் கழற்றி, மூடியைப் போட்டுத் திருகிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள்.

சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ரெண்டு பாட்டில் இருந்தது. இரண்டும் பழைய பிளாஸ்க், உள்ளே இருப்பது வெளியே தெரியாது.

வீடு வீடாக நின்று ஆட்களை ஏற்றினார்கள். ஒரு தையல்காரர், ஒரு கடைக்காரரும் அவர் மகளும், சக்கர நாற்காலியில் வரும் ஓர் அம்மா, கடைசியாக டீச்சர். தம்பி ஒவ்வொருவரையும் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றினான். சக்கர நாற்காலியை மடக்கிப் பின்னால் வைத்துக் கயிறு கட்டினான். டீச்சர் ஏறி உட்கார்ந்ததும் முன்சீட்டில் இருந்த அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தெரிந்துகொண்டதற்கு அடையாளமாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு அக்காவுக்குப் பிடிக்கவே இல்லை.

சமதளத்தில் வண்டி பசு மாதிரி போனது. டெம்பரேச்சர் முள் நடுவில் நின்றது. அக்காவின் கண் முள்ளுக்கும் தம்பியின் முகத்துக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. முள்ளைப் பார்க்கிறாள் என்றே தம்பி நினைத்தான். இப்போது ஒன்றும் ஆகாது, நின்ற இடத்திலும் சமரோட்டிலும் நல்ல பிள்ளை, ஏற்றத்தைக் கண்டால்தான் புத்தி மாறும் என்றான். நீயும் அப்படித்தானே இருந்தாய் என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிக்கொண்டாள்.

புருவத்துத் தழும்பு அவனால் வந்ததுதான். ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் ஏறு என்று அவன் அடித்துச் சொன்னதை நம்பி ஏறினாள். அசதியில் கண் அயர்ந்துவிட்டாள். கண் விழித்தபோது வண்டி பள்ளத்தில் கிடந்தது. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தான். அதற்கப்புறம்தான் அவன் குடியை விட்டான், அவள் வண்டியில் தூங்குவதை விட்டாள். அவன் விட்டதை மட்டும்தான் ஊர் பேசியது.

ஏற்றம் தொடங்கியது. தம்பி இரண்டாவது கியருக்கு இறக்கினான். இன்ஜின் உறும ஆரம்பித்தது. முள் நடுக்கோட்டைத் தாண்டியது. முதல் வளைவு முடிவதற்குள் முக்கால் பங்கு ஏறிவிட்டது. வண்டிக்குள் அந்த வாடை வந்தது. தித்திப்பாக, ஏதோ பழம் புளித்த மாதிரி. கடைக்காரரின் மகள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.  தம்பியின் நெற்றியில் வியர்வை வழிந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டான். முள் சிவப்பைத் தொட்டது.

“தொட்டிச் சுவர் வரைக்கும் தாங்குனாப் போதும்,” என்று அவன் வண்டியிடம் சொன்னான்.

தாங்கியது. சுவரோரம் நிறுத்தி, இன்ஜினை உடனே அணைக்காமல் சற்று ஓடவிட்டு, பிறகு அணைத்தான். பின்சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்துவிட்டு வந்து, சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு பிளாஸ்க்கை எடுத்தான். அதைத் தன் சீட்டின்மேல் வைத்துவிட்டு ஈரச் சாக்கை எடுக்கப் பின்பக்கம் போனான்.

அக்கா பிளாஸ்க்கை எடுத்தாள்.  மூடியைத் திருகித் திறந்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தித்திப்பு வாடை. ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட்டின் வாடை. எத்தனையோ வருஷமாகத் தினமும் கையில் புழங்கும் வாடை. அதற்குப் பின்னால் வேறெதுவும் இருக்கிறதா என்று இன்னொரு தடவை ஆழமாக மோந்தாள். எதுவும் இல்லை. நிமிர்ந்தபோது தம்பி ஜன்னலுக்கு வெளியே சாக்கும் கையுமாக நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கூலண்ட் கலந்துதான் வெச்சிருக்கேன்க்கா. வெறும் தண்ணி ஊத்தினா நீதான் திட்டுவியே,” என்றான் சாதாரணமாக. அவனுக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. பிளாஸ்க்கை மூடக்கூட மறந்து அக்கா கீழே இறங்கினாள்.

நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியிருந்தது, ஆனால் முழுதும் இறங்கவில்லை. தண்ணி வண்டிக்குத்தான் என்றால், அந்தத் தண்ணி எங்கே போகிறது? அதைச் சொல்லாமல் மேனேஜர் முன்னால் போய் நின்றால், ஒழுகாத வண்டிக்கு எதுக்குத் தண்ணி என்ற அதே கேள்விதான் வரும். அக்கா இன்று கூட வந்ததால் பிளாஸ்க்கில் கூலண்ட் வைத்தான் என்பார்கள். மேலே ஆஸ்பத்திரியில் நேரம் தவறினால் டயாலிசிஸ் கட்டிலில் அடுத்த ஆளைப் படுக்கவைத்துவிடுவார்கள். சக்கர நாற்காலி அம்மாவுக்கு இப்போதே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மதியம் என்ற கெடு வேறு தலைக்குமேல் தொங்கியது.

பானெட்டைத் தூக்கினான் தம்பி. ஆவி முகத்தில் அடித்தது. தினமும் இப்படித்தான் முகம் வெந்து கண்ணெரிகிறது, போய்க் கழுவிக்கொள்கிறேன் என்றான். மூடியின்மேல் ஈரச் சாக்கைப் போட்டான். அவள் அவனைத் தள்ளிவிட்டுத் தானே கை வைத்தாள். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியை ஒரே மூச்சில் திறக்கக் கூடாது. முதலில் கால் சுற்று திருகினால் உள்ளே அடைபட்ட அழுத்தம் பாம்பு மாதிரி உஸ்ஸென்று சீறும். சீறி முடிந்த பிறகுதான் மீதியைத் திறக்க வேண்டும். தவறிப்போய்த் திறந்தவர்களின் முகங்களை அவள் பார்த்திருக்கிறாள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு கால் சுற்று திருகினாள்.

ஒரு சத்தமும் வரவில்லை.

காத்திருந்தாள். வரவேயில்லை. தம்பியைப் பார்த்தாள். தினமும் திறக்கும்போது சீறுமா என்று கேட்டாள்.

“இது என்னிக்குமே கத்தினதில்லக்கா. சாதுவான மூடி,” என்றான் அவன். பாராட்டுகிற மாதிரிதான் சொன்னான்.

மேல் ஹோஸ் பைப்பைச் சாக்கோடு பிடித்து அமுக்கினாள். இவ்வளவு சூட்டில் அது கல் மாதிரி விறைத்திருக்க வேண்டும். தொளதொளவென்று அமுங்கியது.  குனிந்து, மூடிக்குப் பக்கத்திலிருந்து கீழே இறங்கும் சின்னக் குழாயின் நுனியைப் பார்த்தாள். சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. அது வடியும் இடத்தில் அடிச்சட்டம் முழுக்க வெள்ளையாகப் படிந்து கிடந்தது. உள்ளே அழுத்தம் இருந்தால்தான் தண்ணீர் கொதிக்காமல் சூட்டைத் தாங்கும். அந்த அழுத்தத்தைப் பிடித்து வைப்பது மூடியின் வேலை. மூடி பிடிக்காவிட்டால் ஏற்றத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்து, குழாய் வழியாகப் பொங்கி ரோட்டோடு போய்விடும். வண்டி நின்றால் பொங்குவதும் நின்றுவிடும், யார் கண்ணுக்கும் படாது.

மூடியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். ரப்பர் புத்தம்புதிதாக இருந்தது. ஸ்பிரிங்கும் புதிதுதான். ஆனால் உயரம் குட்டை. இது ஒரு சின்னக் காரின் மூடி. வேனின் வாய்க்குள் அழகாக உட்கார்ந்து, அழகாகத் திரும்பி, அழகாகப் பூட்டிக்கொள்ளும். அடியில் இருக்கும் ரப்பர் மட்டும் உள்விளிம்பைத் தொடாது. பார்க்கிறவனுக்கு மூடியிருக்கும், தண்ணீருக்கு மூடியிருக்காது.

இந்த மூடியைப் போட்டது அவள்தான். ரேடியேட்டரைச் சரிசெய்த அன்று பழைய மூடியின் ரப்பர் கிழிந்திருந்ததால், மூடிகள் கிடக்கும் டப்பாவில் கைவிட்டு, வாய்க்குச் சரியாகப் பூட்டிய ஒன்றை எடுத்துப் போட்டு அனுப்பினாள். அதற்கு முன்னால் ரேடியேட்டர் ஒழுகியதால் வண்டி சூடானது, அதற்குப் பின்னால் மூடியால் சூடானது. முன்னும் பின்னும் ஒரே நோய் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். எத்தனை தடவை பம்பு வைத்துப் பார்த்தாள்? பம்பு உட்காருவது மூடியின் இடத்தில். பரீட்சை வைக்கும் ஒவ்வொரு தடவையும், தப்புச் செய்தவனை வெளியே உட்காரவைத்துவிட்டு மற்றவர்களை எல்லாம் விசாரித்திருக்கிறாள்.

அவமானப்பட நேரம் இல்லை. பையிலிருந்து பழைய சைக்கிள் டியூப் துண்டை எடுத்து, கத்தரியால் வளையமாக இரண்டு வெட்டினாள். மூடியின் ரப்பருக்கு அடியில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினாள். இப்போது அது உள்விளிம்பை எட்டும். இன்ஜினை ஓடவிட்டுத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று என்று தம்பியிடம் சொன்னாள். அவன் பிளாஸ்க்கைச் சாய்த்து ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, டீச்சர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“ஏம்பா, அந்தத் தண்ணிய நீ வண்டிக்கா ஊத்தறே?”

காது மந்தமானவர்களுக்கே உரிய உரத்த குரல். தையல்காரர் திரும்பிப் பார்த்தார், கடைக்காரரும் திரும்பினார். தம்பி சிரித்துக்கொண்டே, வேற யாருக்கு டீச்சர் என்றான். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டுக் காதைத் திருகிய அந்த அம்மாவுக்கு, தன் கேள்வி அன்றுதான் தன்மேலேயே வந்து விழுந்தது. முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் அவர் நேர்மையான மனுஷி, மென்று முழுங்கத் தெரியாதவர்.

“நான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேம்பா. நீ குடிக்கிறேன்னு மேனேஜர்கிட்ட சொன்னது நான்தான்.”

பிளாஸ்க்கிலிருந்து தண்ணி ஊற்றுவது நின்றது. தம்பி டீச்சரைப் பார்க்கவில்லை. திரும்பி அக்காவைப் பார்த்தான். நேற்றுவரை கூட வராதவள் இன்று ஏன் கூட வந்தாள், பிளாஸ்க்கை ஏன் மோந்து பார்த்தாள், காலையில் ஏன் அவ்வளவு பக்கத்தில் வந்து நின்றாள் என்று ஒவ்வொன்றாக அவன் முகத்தில் ஏறுவதை அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. அவளுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

 தம்பி மீதித் தண்ணியை ஊற்றினான். அவள் மூடியைப் போட்டு அழுத்தித் திருகினாள். கிளம்பினார்கள்.

மேல் பாதி ஏற்றம் இன்னும் செங்குத்து. ரப்பர் வளையம் சூட்டில் கிழிந்தால் அதோடு சரி. ஒருவரும் மூச்சுவிடவில்லை. முள் ஏறியது. முக்காலுக்குப் பக்கத்தில் வந்து தயங்கியது. தம்பி கியரை மாற்றாமல், வேகத்தைக் கூட்டாமல், குழந்தையை நடத்திக் கூட்டிப்போகிற மாதிரி ஏற்றினான். அவன் ஓட்டுவதை அவள் உண்மையில் அன்றுதான் பார்த்தாள். வளைவில் சக்கர நாற்காலி அம்மாவின் தலை சாயாதபடி எவ்வளவு மெதுவாகத் திருப்புகிறான் என்று பார்த்தாள். முள் முக்காலிலேயே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது சரியான நேரத்துக்குச் சற்று முன்னாலேயே வந்திருந்தார்கள். பானெட்டைத் தூக்கி ஹோஸைத் தொட்டாள். கல் மாதிரி இருந்தது.

அங்கிருந்தே மேனேஜருக்குப் போன் செய்தாள். வாடை கூலண்ட்டின் வாடை, பாட்டிலில் இருந்ததும் கூலண்ட், தப்பு மூடியில், மூடி என் கடையில் போட்டது, தப்பும் என்னுடையது என்று நிறுத்தாமல் சொன்னாள்.  மறுமுனையில் அவர் மனம்விட்டுச் சிரித்தார். அப்ப வண்டிதான் குடிகாரனா என்று கேட்டார், வேற டிரைவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். மதியத்துக்குள் அந்த வேடிக்கை நிலையம் முழுக்கப் பரவிவிட்டது. தம்பியிடமும் யாரோ சொன்னார்கள். அவனும் சிரித்தான். அக்காவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கடைக்குத் திரும்பி, டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டி, உயரம் அளந்து சரியான மூடியைத் தேடியெடுத்து மாட்டினாள். முதலில் அந்த மூடியைத் தனியாகப் பம்பில் பொருத்திக் காற்றடித்துப் பார்த்தாள். சாயங்காலம் நோயாளிகளைத் திரும்பக் கூட்டிவர வண்டி கிளம்பியபோது, அழைக்காமலே போய் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். தம்பி அவளைத் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தான்.

 ஏற்றம் தொடங்கும் இடத்தில்தான் அவன் வாயைத் திறந்தான்.

“காலைல மோந்து பாத்தியே. வண்டிக்காகவா, எனக்காகவா?”

வண்டிக்காக என்று சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான், குறைந்தது நம்புகிற மாதிரி இருந்திருப்பான். அவளுக்கு அந்தப் பொய் வரவில்லை.

“உனக்காகத்தான்டா.”

“உன் வேலைல தப்பு இருக்கும்னு தோணவே இல்லையா?”

“தோணல. என் வேல மேல அவ்ளோ நம்பிக்க இருந்துச்சு. உன்மேல இல்ல.”

 அவளுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது, ஆனால் அக்கா தம்பிக்குள் அந்த வார்த்தை என்றைக்கும் புழங்கியதில்லை, இப்போது எங்கிருந்து வரும். தம்பி இரண்டாவது கியருக்கு இறக்கினான். அவன் கண் ஒரு தடவை அவள் புருவத்துத் தழும்புக்குப் போய்விட்டு ரோட்டுக்குத் திரும்பியது. கோபப்படுவான் என்று நினைத்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. அவளுடைய கண் பழக்க தோஷத்தில் முள்ளுக்குப் போயிற்று, அவன் முகத்துக்குப் போயிற்று, மறுபடி முள்ளுக்குப் போயிற்று.

“எதக்கா பாக்குற? முள்ளயா, என்னயா?” என்றான் அவன். குரலில் குத்தல் இல்லை, களைப்புதான் இருந்தது.

 அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தலையைச் சீட்டில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

தூக்கம் எங்கே வரும். கண்ணை மூடியதும் இன்ஜின் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்டது. இமைக்குள்ளே பழைய பள்ளம் தெரிந்தது. முதல் வளைவில் வண்டி சாய்ந்தபோது கை தானாகக் கைப்பிடியைத் தேடிப் போயிற்று. அந்தக் கையை இழுத்து மடியிலேயே வைத்துக்கொண்டாள். இந்நேரம் தொட்டிச் சுவர் வந்திருக்க வேண்டும். வண்டி நிற்கவில்லை. பக்கத்தில் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, அதற்கும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டு, எழுந்திருக்கா, வந்தாச்சு என்று அவன் அவள் தோளைத் தொட்டு எழுப்பும்வரை தூங்குகிறவள் போலவே இருந்தாள்.